நம்பர் கொடுத்தால் 300 ரூபாய்: பெங்களூரில் தனி ஆளாகத் தொழில் செய்பவர்கள் கவனத்துக்கு

ஈஜிபுரா, லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கம் குடியிருந்துகொண்டு சர்ஜாப்பூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட்டுகளுக்கு வேலைக்குப் போகும் எலக்ட்ரிஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக், வீட்டுக்கே போய் வேலை செய்யும் பியூட்டிஷியன் எல்லோரும் ஒரு நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். "கஸ்டமர் பிடித்துத் தருகிறேன்" என்று வரும் ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசுவார்கள். எந்த டவரில் எத்தனை வீடு, யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கேட்பது சின்னத் தொகைதான்: ஒரு கஸ்டமர் போன் நம்பருக்கு 300 ரூபாய், கையோடு.

இப்படி 12 நம்பருக்கு 3,600 ரூபாய் கொடுத்த பிளம்பர் ஒருவரின் கணக்கு இது. 12 பேரில் மூன்று பேர் ஏற்கெனவே அவருடைய கஸ்டமர்கள்தான். நான்கு பேர் போனையே எடுக்கவில்லை. இரண்டு பேர் "நாங்க யாரையும் கூப்பிடலையே" என்றார்கள். ஒருவர் வரச்சொல்லி, ரேட் கேட்டு, விசிட்டிங் சார்ஜ்கூடத் தராமல் அனுப்பிவிட்டார். மிச்சம் இரண்டு பேரிடம்தான் வேலை நடந்தது. கூலி 850, 1,400. ஆக 2,250 ரூபாய் சம்பாதிக்க 3,600 ரூபாய் செலவு, பெட்ரோல் தனி. நம்பர் கொடுத்தவருக்குப் போன் போட்டால், "நான் நம்பர் தரேன்னுதானே சொன்னேன், வேலை கிடைக்கும்னு சொன்னேனா?" என்று பதில். அவர் சொல்வதில் தப்பும் இல்லை! அப்படித்தான் பேசி வைத்திருந்தார்.

300 ரூபாய் என்பது அதிகம் என்று சொல்ல வரவில்லை. வேலை முடிந்த பிறகு கொடுத்திருந்தால் அந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து 600 ரூபாயோடு போயிருக்கும். காசு எந்த நேரத்தில் கைமாறுகிறது என்பதில்தான் எல்லா ஏமாற்றும் நடக்கிறது. வேலை முடிந்து, கூலி உங்கள் கணக்கில் ஏறி, ஏழு நாள் "மறுபடி ஒழுகுது" என்று போன் வராமல் இருந்தால் கொடுங்கள். அதற்கு முன்னால் யார் கேட்டாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கொடுக்காதீர்கள். செக்யூரிட்டி, சூப்பர்வைசர் விஷயத்திலும் இதே கதைதான். மாமூல் என்று ஒருமுறை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அந்த கேட்டுக்குள் நீங்கள் சொந்தமாகப் பிடித்த கஸ்டமரும் அவர் கணக்கில்தான் ஏறுவார்.

நம்பர் வாங்கி நீங்களே கூப்பிடுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தெரியாத ஆளிடமிருந்து மெசேஜ் வந்தால் பலர் பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்துவிடுவார்கள். அது கூடினால் வாட்ஸ்அப் கணக்கே முடங்கும், தொழில் நம்பரே போய்விடும். அதனால் திருப்பிப் போடுங்கள். கஸ்டமர் தன் தோழியின் நம்பரை உங்களுக்குத் தர வேண்டாம், உங்கள் நம்பரைத் தோழிக்குத் தரட்டும். தேவை இருப்பவர் மட்டும் கூப்பிடுவார்.

அடுத்தது கஸ்டமர் பக்கத்து விளையாட்டு. இதில் கெட்ட எண்ணத்தைவிட, நம் கணக்குப் பிழைதான் அதிகம். "தோழியைச் சேர்த்துவிட்டால் அவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி, உங்களுக்கு ஒரு சர்வீஸ் இலவசம்" என்று ஒரு பியூட்டிஷியன் அறிவிக்கிறார் என்று வையுங்கள். ஃபேஷியல் 800 ரூபாய். கிரீம், மற்ற பொருள் 220, ஆட்டோ 120 போனால் கையில் 460. தள்ளுபடி 160 கழித்தால் 300. சேர்த்துவிட்டவருக்குச் செய்யும் இலவச சர்வீஸுக்குப் பொருளும் நேரமுமாக 150 என்றால் மிச்சம் 150. இத்தோடு முடிந்தது என்று நினைப்பார்கள். அந்த இலவச சர்வீஸுக்கும் ஆட்டோ பிடித்துத்தானே போக வேண்டும்? இன்னொரு 120. கடைசியில் 30 ரூபாய்க்காக இரண்டு வீட்டுப் படியேறியிருப்பார். இலவசம் தருவதாக இருந்தால், சேர்த்துவிட்டவர் அடுத்த முறை காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வேலையோடு சேர்த்துக் கொடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு நடை போகவே கூடாது.

"புது கஸ்டமர்" என்றால் யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம்பரை வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். வீட்டுக்காரர் நம்பர், மாமியார் நம்பர், இரண்டாவது சிம் என்று ஒரே வீட்டில் நான்கு புது கஸ்டமர் முளைப்பார்கள். வீட்டு முகவரியை வைத்துப் பாருங்கள். அந்தக் கதவுக்குள் முன்பு வேலை செய்திருந்தால் அது பழைய கஸ்டமர்தான். ஃபிளாட்டுக்கு இரண்டாவது சிம் கிடையாது.

சேர்த்துவிட்டவருக்குத் தரும் பரிசைச் சதவீதத்தில் சொல்லாதீர்கள். கீசர் மாற்றும் வேலையில் பில் 9,000 வந்தாலும் அதில் உங்கள் கூலி 700 ஆக இருக்கலாம். மொத்த பில்லில் 10 சதவீதம் என்று வாய்விட்டிருந்தால் 900 ரூபாய், அதாவது கூலிக்கு மேலே 200 ரூபாய் கைக்காசு. கூலியை மட்டும் பார்த்து ஒரே தொகையாக வைத்துக்கொள்வது நல்லது. 500 ரூபாய்க்குக் கீழே எதுவும் இல்லை, 500 முதல் 2,000 வரை 100 ரூபாய், அதற்கு மேல் 200 ரூபாய் என்ற மாதிரி. ஒரே ஆள் வருடத்துக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்பினால் அவர் கஸ்டமர் இல்லை, புரோக்கர். அவரிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது உண்மையான மோசடி. "உங்க பழைய கஸ்டமர் சொல்லித்தான் கூப்பிடுறேன்" என்று ஒருவர் பேசுவார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். நம் ஊரில் கன்டோன்மென்ட் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. குவார்ட்டர்ஸில் எட்டு ஏசி சர்வீஸ் என்பார், ரேட்டில் பேரமே பேசமாட்டார். அட்வான்ஸ் அனுப்ப ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். முதலில் ஒரு ரூபாய் போட்டு நம்பிக்கை வரவைப்பதும் உண்டு. இங்கே ஒன்றே ஒன்றுதான்: பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் யுபிஐயில் நிறுத்தப்பட்டது. ஆனால் கியூஆர், லிங்க் வழியாக ஏமாற்றும் வேலை நிற்கவில்லை. "500-க்குப் பதிலா 5,000 போட்டுட்டேன், 4,500 திருப்பி அனுப்புங்க" என்று எஸ்எம்எஸ் காட்டினால், ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதீர்கள், பேங்க் ஆப்பில் இருப்பைப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். 12 இலக்க யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"நீங்க இன்னொரு எலக்ட்ரிஷியனைச் சேர்த்தா உங்களுக்கு, அவர் ஒருத்தரைச் சேர்த்தா அதிலும் உங்களுக்கு" என்ற திட்டம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சேர்ப்பதற்கே காசு வரும் அமைப்பு 1978-ஆம் ஆண்டு பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தில் மாட்டும். சேர்ந்தவரும் சேர்த்தவரும் சேர்ந்தே மாட்டுவார்கள். கூகுளில் ஐந்து ஸ்டார் போட்டால் 100 ரூபாய் குறைப்பதும் வேண்டாம். பரிசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ அவர்கள் விதிக்கு எதிரானது. கூகுள் அதை அழித்தால் உண்மையான ரிவ்யூவும் சேர்ந்து போக வாய்ப்புண்டு.

வேலையை நண்பருக்குத் தள்ளிவிட்டு, முழுக் காசையும் உங்கள் கணக்கில் வாங்கி அவர் பங்கை அனுப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நிறுத்துங்கள். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்துக் கர்நாடக வணிகவரித் துறை சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அடுத்தவர் காசு உங்கள் கணக்கு வழியே ஓடினால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நண்பரே நேராக வாங்கட்டும், வேலை பிடித்துத் தந்ததற்கான உங்கள் பங்கை மட்டும் அவர் அனுப்பட்டும்.

இதற்கெல்லாம் ஆப் தேவையில்லை, ஒரு நோட்டு போதும். தேதி, புது வீட்டு முகவரி, சேர்த்துவிட்டவர் நம்பரின் கடைசி நான்கு இலக்கம், கூலி, கூலி வந்த நாள், பரிசு கொடுத்த நாள். "யார் சொன்னாங்க?" என்று முதல் போனிலேயே, ரேட் சொல்வதற்கு முன்பே கேட்டு எழுதிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள். பரிசை நீங்களே நினைவு வைத்து அனுப்புங்கள், கஸ்டமர் கேட்டு வாங்கும்படி வைத்தால் அடுத்த ஆளை அவர் அனுப்பமாட்டார். கஸ்டமருக்கு அனுப்ப இப்படி ஒரு மெசேஜ் போதும், கன்னடத்திலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்:

"அக்கா, நீங்க சொல்லி யாராவது கூப்பிட்டா உங்க பேரை முதல்லயே சொல்லச் சொல்லுங்க. முன்னாடி நான் வேலை செய்யாத வீடா இருந்து, கூலி 500 ரூபாய்க்கு மேல வந்தா, வேலை முடிஞ்சு காசு வந்த எட்டாவது நாள் உங்களுக்கு 100 ரூபாய் அனுப்பிடுவேன். 2,000-க்கு மேலன்னா 200. பொருள் காசு இதுல சேராது."