டெட்ராய்டின் கொந்தளிப்பைக் கேட்க: மோட்டவுனா, டெக்னோவா?

அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்டில் 1959-இல் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கார்டி, கார் ஆலையில் வேலை பார்த்தவர். அசெம்பிளி லைன் முறையைப் பாட்டுக்கும் கொண்டுவந்தார்: எழுதத் தனி ஆட்கள், வாசிக்க நிலையான குழு, வெளியிடுமுன் தரச்சோதனை. கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரிலும் எடுபடும்படி டம்பரின் (கஞ்சிரா போன்ற தாளக் கருவி) தூக்கலாக ஒலிக்கும். போலீஸ் அத்துமீறலுக்கு எதிராக டெட்ராய்டின் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்த 1967 கலவரத்தில் (எழுச்சி என்பதே பொருத்தம்) 43 பேர் மாண்டனர். 1971-இல்தான் மோட்டவுன் பாடகர் மார்வின் கே வியட்நாம் போரையும் போலீஸ் அத்துமீறலையும் நேராகப் பாடினார். மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது.

டெக்னோ என்ற மின்னணு நடன இசை 1980-களுடையது, ஆலைகளில் ரோபோக்கள் நுழைந்த காலம். ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டிரம் மெஷினில் கட்டியது. தாளத்தின் நான்கு அடியிலும் கிக் (கனத்த டிரம் அடி), பெரும்பாலும் பாட்டு வரியே இல்லை. போன் ஸ்பீக்கரில் கேட்டால் கிக்கும் பேஸும் மறைந்து வெறும் டிக்டிக்தான் மிஞ்சும்; ஹெட்போன் கட்டாயம்.

கோபத்தின் சொற்கள் வேண்டுமென்றால் 1971-இன் மோட்டவுன். ஆள் குறைந்த நகரத்தின் வெறுமை டெக்னோவில்தான் ஆழமாகக் கேட்கிறது.