எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் .22 தோட்டா: தரமும் இருப்புக் கணக்கும்

பொழுதுபோக்காகவோ சிறு போட்டிகளுக்காகவோ 50 மீட்டர் ரைஃபிள் சுடுபவர்களிடம் எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எவ்வளவு வாங்கி வைக்கலாம் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் தருவார்கள்: கிடைக்கும்போது அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பதில் எனக்கு உடன்பாடானது அல்ல. பயிற்சிக்கு நான் தொடர்ந்து பயன்படுத்திவரும் எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் என்ற .22 (சுமார் 0.22 அங்குலக் குழல் அளவுள்ள) தோட்டாவை மதிப்பிடும் இந்த உரையில் இருப்புக் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்; ரிம்ஃபயர் தோட்டாவை, அதாவது கூட்டின் அடிவிளிம்பில் தட்டி வெடிக்கச் செய்யும் தோட்டாவைப் பொறுத்தவரை தரத்தையும் அளவையும் தனித்தனியாகத் தீர்மானிக்க முடியாது.

ஜெர்மனியின் ஷோனபெக் நகரில் தயாராகும் இந்தத் தோட்டாவின் ஈயக் குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. குழல் முனையில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 327 மீட்டர். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு இந்த வேகத்தை வைத்திருப்பதால், ஒலித்தடையைக் கடந்து மீளும்போது குண்டுக்கு நேரும் தடுமாற்றம் இதில் இல்லை. டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை விரல் நுனியில் பிடித்தால் குண்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு பிசுபிசுப்பது தெரியும். அந்தப் பிசுபிசுப்பில் தூசியும் மணலும் ஒட்டினால் அவை நேராகக் குழலுக்குள் போய்ச் சேரும் என்பதால், தோட்டாக்களைச் சட்டைப் பையிலோ திறந்த கிண்ணத்திலோ கொட்டி வைக்காமல், டப்பாவிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது நல்லது.

சர்வதேசப் போட்டிகளில் பயன்படும் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். குண்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தாலே அது 50 மீட்டர் தொலைவில் ஏழெட்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். நடுப்புள்ளிக்குக் குறிவைத்த குண்டு பத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். விலையுயர்ந்த போட்டித் தோட்டாவுக்கும் பயிற்சித் தோட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த வேகச் சீர்மையில்தான் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் பிளஸ்ஸில் பெரும்பாலான குண்டுகள் ஒரே கொத்தாக விழுகின்றன; இடையில் ஏதோ ஒன்று காரணமில்லாமல் ஒன்பதின் பக்கம் ஒதுங்குகிறது. பயிற்சிக்கு இந்தத் தரம் தாராளமாகப் போதும், தன் தவற்றையும் தோட்டாவின் தவற்றையும் பிரித்தறிய முடிகிற அளவுக்கு இது நம்பகமானது. ஈலி (Eley) நிறுவனத்தின் டெனெக்ஸ் போன்ற முதல் தரத் தோட்டாவைப் போட்டி நாளுக்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பெயரில் வரும் தோட்டாக்களும் லாட்டுக்கு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும், மாறுகின்றன. ஒரு லாட்டை ஒரு துப்பாக்கி விரும்பும். பக்கத்தில் இருப்பவரின் அதே வகைத் துப்பாக்கி அதையே வெறுக்கும். ஆகவே முதலில் இரண்டு மூன்று லாட்களில் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு ஒத்துவருவது எது என்று தெரிந்தபின், டப்பாவில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் மொத்தமாக வாங்க வேண்டும். பரிசோதிக்காத லாட்டில் ஐயாயிரம் தோட்டாக்களை வாங்கி அடுக்குவது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நல்ல கொள்முதல் அல்ல. சென்டர்ஃபயர் (கூட்டின் அடிப்பாகத்து நடுவில் தட்டி வெடிக்கச் செய்யும்) துப்பாக்கி வைத்திருப்பவர், வெற்றுக்கூட்டில் புதிய பற்றுமருந்தும் மருந்தும் குண்டும் நிரப்பித் தானே மீண்டும் தோட்டா தயாரித்துக்கொள்ளலாம். ரிம்ஃபயரில் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் நடைமுறையில் அதற்கு வழியில்லை, கையில் இருப்பது தீர்ந்தால் கடைக்குத்தான் போக வேண்டும்.

இருப்பின் அளவை அச்சம் தீர்மானிக்கக் கூடாது. சுடும் வேகமும் அடுத்த சரக்கு வந்து சேரும் காலமும் தீர்மானிக்க வேண்டும். வாரம் ஒரு முறை போய், அறுபது மதிப்பெண் சுற்றுகளும் அவற்றுக்கு முன்னும் பின்னும் சில சுற்றுகளுமாக நூறு தோட்டா சுடுபவருக்கு 500 கொண்ட ஒரு கட்டு ஐந்து வாரம் வரும். ஓர் ஆண்டுக்கு 5,200 வேண்டும். தட்டுப்பாடு வந்து பன்னிரண்டு வாரம் சரக்கே வராது என்று வைத்துக்கொண்டாலும் 1,200 போதும். அதோடு பழைய லாட்டில் 500 மிச்சம் இருந்தால், புதிய லாட்டை அதனருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் கிடைக்கும். ஆக நான்கு கட்டு, 2,000 தோட்டா, இந்த அளவில் சுடுபவருக்கு நிறைவான இருப்பு. மாதம் 50 தோட்டா கொண்ட ஒரு டப்பா சுடுபவருக்கு ஒரே கட்டு பத்து மாதம் வரும் என்பதால் அவர் இரண்டு கட்டுக்கு மேல் சேர்க்கத் தேவையில்லை. போட்டிப் பருவம் முழுவதும் ஒரே லாட்டில் சுட விரும்புபவர் மட்டும் 5,000 கொண்ட பெட்டியாக எடுப்பதில் நியாயம் உண்டு. எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று உரிமத்திலோ சட்டத்திலோ வரம்பு இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு முழுவதும் அந்த வரம்புக்குக் கட்டுப்பட்டதே.

அமெரிக்காவில் 2013இல் தொடங்கி நெடுநாள் நீடித்த .22 தட்டுப்பாட்டைப் பலர் இன்றும் எடுத்துக்காட்டிக் குவிக்கச் சொல்கிறார்கள். நான் அதிலிருந்து கற்பது நேர் எதிரானது. ஆலைகள் அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன; வந்த சரக்கை வந்த அன்றே தேவைக்கு மேல் வாரிக்கொண்டு போனதுதான் கடை அடுக்குகள் காலியாகக் கிடந்ததற்கு முக்கியக் காரணம். இளையோர் பயிற்சி பெரும்பாலும் நடப்பது இந்த எளிய .22 தோட்டாவில்தான் என்பதால், ஒருவர் அலமாரியில் பத்தாண்டு தூங்கப்போகும் பெட்டி ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மாணவரின் பயிற்சி நேரத்தைத் தின்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியான, ஈரமில்லாத, பூட்டிய இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாக, வாங்கிய டப்பாவிலேயே வைத்தால் தோட்டா பல்லாண்டு கெடாது. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டால் மெழுகு இளகி வழியும், மருந்தின் ஆயுளும் குறையும். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் அருகில் இருக்கக் கூடாது. வாங்கிய மாதத்தை டப்பாவின் மேல் எழுதி, பழையதை முதலில் எடுத்துச் சுட வேண்டும். 5,000 தோட்டா ஏறத்தாழ 17 கிலோ கனக்கும். மெல்லிய பலகை அடுக்கு அதைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ரிம்ஃபயர் தோட்டாவையும் போலவே இதிலும் எப்போதாவது ஒன்று வெடிக்காமல் போகலாம். விசையை அழுத்தியும் சத்தம் இல்லையென்றால், குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருந்து, அதன் பிறகே துப்பாக்கியின் பூட்டை (போல்ட்டை) திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் உண்டு. ஒரே லாட்டில் இது அடிக்கடி நேர்ந்தால் முதலில் தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் துப்பாக்கியின் சுடுமுள்ளைத் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் அந்த லாட்டில் மேற்கொண்டு வாங்காமல், மீதியை லாட் எண்ணோடு விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே சரி.