மிக்ஸிக்கு ஒன்று, மேளத்துக்கு ஒன்று: ஆட்டிசம் உள்ளவர்களின் காதுக்கான வழிகள்

‘எந்த ஹெட்போன் வாங்கலாம்?’ ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ‘எந்தச் சத்தத்துக்கு?’ என்று திருப்பிக் கேட்டால் பலருக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அதைக் கேட்காமல் பதில் சொல்ல வழியில்லை. குக்கர் விசிலுக்குத் துடித்துப்போகிறவருக்கும், பக்கத்தில் ஒருவர் முறுக்கு கடித்தாலே உடம்பெல்லாம் தீப்பற்றுகிறவருக்கும், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு சொல்லும் பிடிபடாதவருக்கும் ஒரே கருவி உதவாது. எனக்கு மூன்றும் உண்டு. அதனால் எல்லா வகைக் கருவியும் என் மேசை இழுப்பறையில் சேர்ந்துவிட்டன.

‘உனக்குக் காது ரொம்பக் கூர்மை’ என்பார்கள். பரிசோதனையில் என் செவித்திறன் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருக்கிறது. மின்விசிறியின் ஓசை மற்றவர்களுக்குச் சிறிது நேரத்தில் கேட்காமல் போய்விடும்; எனக்கு அது போவதே இல்லை. மனநலக் குறைபாடுகளை அடையாளம் காண அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. ஆகவே இது பிடிவாதமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை.

டப்பாவில் அச்சிட்ட எண்

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. காதுப் பாதுகாப்புக் கருவிகளின் டப்பாவில் என்ஆர்ஆர் அல்லது எஸ்என்ஆர் என்று ஓர் எண் இருக்கும்; கருவி எத்தனை டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) சத்தத்தைக் குறைக்கும் என்பதே அது. முதலாவது அமெரிக்க அளவீடு, இரண்டாவது ஐரோப்பிய அளவீடு. ஒரே பொருளுக்கே இரண்டும் வேறுபடும். 3எம் நிறுவனத்தின் 1100 என்ற ஆரஞ்சு நிற ஸ்பாஞ்ச் காதடைப்பானுக்கு என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37. எனவே ஒரு டப்பாவில் உள்ள என்ஆர்ஆரையும் இன்னொன்றில் உள்ள எஸ்என்ஆரையும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

அந்த எண் முழுதாகக் கிடைப்பதும் இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், ஸ்பாஞ்ச் வகைக்குப் பாதியையும், காதை மூடும் இயர் மஃபுக்குக் கால் பங்கையும் கழித்துக் கணக்கிடச் சொன்னது. ஆய்வகத்தில் நிபுணர் மாட்டுவது போல நாம் மாட்டுவதில்லை என்பதே காரணம். அப்படிப் பார்த்தால் 29 என்று போட்ட ஸ்பாஞ்ச் ஏறக்குறைய 15 டெசிபல்தான் குறைக்கும். 27 என்று போட்ட இயர் மஃப் 20 குறைக்கும். எண் சிறியதாக இருந்தாலும் மஃப் முந்திவிடுகிறது.

ஸ்பாஞ்சா, மஃபா?

ஸ்பாஞ்ச் அடைப்பான் மிக மலிவு. சட்டைப் பையில் கிடக்கும், கூந்தலுக்குள் மறைந்துவிடும். ஆனால் அதைச் சரியாக மாட்டுகிறவர்கள் குறைவு. விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை இருபது முப்பது விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலில் செருகிவைத்தால் வெளிச்சத்தம் குறையாது. நம் குரலும் நாம் மெல்லும் ஓசையும் மண்டைக்குள் பெரிதாக அதிரும். சாப்பிடும் ஓசையே பிரச்சினையாக இருப்பவருக்கு இது தண்டனை.

சரியாகப் போட்டால் இதற்கு ஈடில்லாத இடம் ஒன்று உண்டு: தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி. கல்யாண மண்டபத்துத் தவிலின் அடி, ஊர்வல வண்டியின் பெரிய ஸ்பீக்கரிலிருந்து நெஞ்சில் இடிக்கும் அதிர்வு ஆகியவற்றில் மஃபைவிட ஸ்பாஞ்ச் தெளிவாக மேல். நெஞ்சு வழியாக வருவதை எதுவும் தடுக்காது என்பது வேறு விஷயம்.

மஃப் எதிர்மாறானது. உச்ச சுருதியில் வரும் ஒலியில் அது ராஜா. குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு தரையில் விழுவது, குழந்தையின் வீறிடல், சரவெடியின் சடசடப்பு எல்லாவற்றையும் மழுங்கடித்துவிடும். ஒரு நொடியில் மாட்டலாம், கழற்றலாம். கைகள் நடுங்கும் நேரத்தில் ஸ்பாஞ்சை உருட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பதால், எனக்கு இதுவே மஃபின் மிகப் பெரிய தகுதி. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். குழந்தைகளுக்கென்று விற்கும் வண்ண மஃபுகளையும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எண்ணே போடாதவை பொம்மைகள்.

குறைகளும் சாதாரணமானவை அல்ல. சித்திரை வெயிலில் காதைச் சுற்றி வியர்வை ஊறும். இறுக்கிப் பிடிக்கும் பட்டை, தொடுதலிலும் கூச்சம் உள்ளவர்களுக்கு இன்னொரு வேதனை. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் போனால் இடைவெளி விழுந்து சத்தம் புகும். ஜிமிக்கி போட்டுக்கொண்டு மஃப் மாட்ட முடியாது என்பதை ஆண்கள் எழுதும் எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை.

விலையுயர்ந்த ஹெட்போன் எங்கே தோற்கிறது

இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களைப் பற்றித்தான் எதிர்பார்ப்பு அதிகம், ஏமாற்றமும் அதிகம். 1978-ல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலை மீறி எதையும் ரசிக்க முடியாத, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். 1989-ல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான முதல் கருவியை விற்றது. இந்தப் பிறப்புக் கதையிலேயே கருவியின் எல்லையும் இருக்கிறது. அது விமான இன்ஜினுக்காகப் பிறந்தது. வெளியிலிருந்து வரும் ஒலியை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி, இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறது. சீராக, தாழ்வாக, மாறாமல் ஓடும் ஒலியில்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். ஒலியின் சுருதி ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 1000 அதிர்வுகள்) மேலே போனால் எதிரலையின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். மெத்தை தடுப்பதுதான் மிச்சம்.

ஆகவே மின்சார ரயில், ஏசி பஸ், அலுவலகத்தின் குளிர்சாதன முனகல், பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு இதை அடிக்க ஆளில்லை. நீண்ட பயணத்துக்குப் பின் எனக்கு வரும் களைப்பில் பெரும்பகுதி இதனால் குறைந்தது. சமையலறையிலோ நிலைமை வேறு. திடீரென்று வரும் கூர்மையான ஓசைக்கு முன்னால் இது நல்ல மெத்தை வைத்த சாதாரண ஹெட்போன், அவ்வளவுதான்.

இன்னொன்றை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. தாழ்ந்த இரைச்சல் நீங்கியதும், அதுவரை அது மூடிவைத்திருந்தவை மேலே வந்துவிடும். மின்விசிறி ஓசை மறையும். அடுத்த அறையில் தேக்கரண்டி கிண்ணத்தில் படுவது துல்லியமாகக் கேட்கும். முணுமுணுப்பாக இருந்த உரையாடல் சொல் சொல்லாகப் புரியத் தொடங்கும். பேச்சைப் பிரித்தறிய முடியாமல் திணறுகிறவருக்கு இது வரம். குறிப்பிட்ட சிறு ஓசைகளால் வதைபடுகிறவருக்கு இது சித்திரவதை. சிலருக்குக் காதுக்குள் ஏதோ உறிஞ்சுவது போன்ற அழுத்தமும் தோன்றும். கடையில் மாட்டிப் பார்க்காமல் இவ்வளவு விலை கொடுத்து வாங்கக் கூடாது.

பெரியவர்கள் நடுவே இன்னொரு தொல்லை. மஃபைப் பார்த்தால் ‘காதில் என்னம்மா?’ என்று கேட்பார்கள், பதில் சொல்லிவிடலாம். ஹெட்போனைப் பார்த்தால் கேட்பதில்லை, முடிவே செய்துவிடுகிறார்கள். ‘கல்யாண வீட்டிலும் பாட்டுத்தானா?’ என்று என் பெரியப்பா ஒருமுறை சொன்னதில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. விளக்கிச் சொல்வதற்குள் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது.

என் தீர்ப்பு: பயணத்துக்கு ஹெட்போன், வீட்டுக்கு மஃப், மண்டபத்துக்கு ஸ்பாஞ்ச். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஃப்.

வடிகட்டும் அடைப்பான்கள்

பெல்ஜியத்தின் லூப் போன்ற நிறுவனங்களின் சிலிகான் அடைப்பான்கள் இப்போது பரவலாகிவிட்டன. ஒலியை அடைக்காமல், தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை ஓரளவு சமமாகத் தணிப்பது இவற்றின் நோக்கம். இசைக் கலைஞர்களுக்கென்று உருவான அடைப்பான்களின் வழி வந்தவை. வகுப்பறை, உணவகம், கச்சேரி போன்ற இடங்களில் எதிரில் இருப்பவர் பேசுவது புரிய வேண்டும் என்றால் இவையே சரி. பட்டாசுக்கும் ஏர் ஹாரனுக்கும் இவற்றை நம்பாதீர்கள். தூங்கும்போது போட்டால் சிலருக்குக் காது வலிக்கும். ஸ்பாஞ்சின் விலையோடு ஒப்பிட்டால், அழகுக்கும் கொஞ்சம் காசு கொடுக்கிறோம் என்பது என் எண்ணம்.

அடைப்பதற்குப் பதிலாக மூடுவது

மெல்லும் ஓசை, பேனா சொடுக்குவது, மூக்கை உறிஞ்சுவது போன்ற சிறு ஓசைகள்தான் எதிரி என்றால், அடைப்பதைவிட இன்னொரு ஒலியால் மூடுவது நல்லது. அடைத்தால் மனம் அந்த ஓசையைத் தேடிப் போகும். மழை இரைச்சல் போன்ற தொடர் ஒலியை மெதுவாக ஓடவிட்டால் தேட இடமிருக்காது. நம் வீடுகளில் மின்விசிறி இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. மின்வெட்டு வரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. ஒலியளவில் மட்டும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

காதில் மாட்டாத வழி

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட என் வீட்டில் அதிகம் பலன் தந்தது காசில்லாத ஒன்று. ‘மிக்ஸி போடப் போகிறேன்’ என்று அம்மா குரல் கொடுத்துவிட்டுப் போடுகிறார். சத்தத்தின் அளவு மாறவில்லை. ஆனால் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தம் வேறு; முதுகுக்குப் பின்னால் வெடிக்கும் சத்தம் வேறு. ஆட்டிசம் உள்ள பலரும் இதையே சொல்கிறார்கள். நானே மிக்ஸியை இயக்கினால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதே வரிசையில் மூன்று மாற்றங்கள்: விசில் அடிக்காத மின்சாரச் சாதக் குக்கர், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு. மூன்றும் சேர்ந்தே ஒரு நல்ல ஹெட்போனைவிட மலிவு. வீட்டிலுள்ளவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் உண்மையான விலை. விடுதியிலோ கூட்டுக் குடும்பத்திலோ அந்த விலை ஏறிவிடும்.

வேலையிடத்தில் கேட்பதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைப் பற்றியும் பேசுகிறது. அச்சுப்பொறிக்குப் பக்கத்திலிருந்து மேசையை மாற்றித் தரச் சொல்வது சலுகை கேட்பதாகாது.

எவ்வளவு நேரம்?

மருத்துவர்களுக்கும் நமக்கும் உரசல் வரும் இடம் இது. 2003-ல் கேட்பியல் ஆய்வாளர் ஃபார்ம்பியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சாதாரணச் செவித்திறன் உள்ளவர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து காதடைப்பான் போட்டபின் அதே ஒலிகளை முன்பைவிடப் பெரிதாக உணர்ந்தார்கள். மெல்லிய தொடர் ஒலி தரும் கருவியைப் போட்டவர்களுக்கு இது நேர் எதிராக இருந்தது. நாள் முழுவதும் அடைத்துக்கொண்டே இருந்தால் மூளை தன் ஒலியளவைக் கூட்டிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதனால் தேவைப்படும் நேரத்தில் தயங்காமல் போடுவதும், அமைதியான அறைக்கு வந்ததும் கழற்றுவதும் என் வழக்கம். ‘கழற்றினால்தான் பழகும்’ என்று குழந்தையின் மஃபைப் பிடுங்குகிறவர்களுக்கு அந்த ஆய்வு சான்றாகாது. அதில் யாரையும் சத்தத்துக்கு நடுவே தள்ளவில்லை.

பிரத்தியேகமாக மாற்றிய இசையை ஹெட்போனில் கேட்கவைத்து ஆட்டிசத்தையே சரிசெய்வதாகச் சொல்லும் ‘செவி ஒருங்கிணைப்புப் பயிற்சி’யும் போட்டியில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைப் பரிசீலித்து, பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இதற்குப் பணம் கட்டுமுன், அதே பணத்தில் கேட்பியல் நிபுணரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காதில் மெழுகு, தொற்று, உண்மையான செவித்திறன் குறைவு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் மேலே சொன்ன எதையும் வாங்குவதில் பொருள் இருக்கிறது.

தீபாவளி தனிக் கணக்கு

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்பது இந்தியாவில் பட்டாசுக்கு உள்ள வரம்பு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஸ்பாஞ்சின் மேல் மஃப் என்று இரண்டையும் போடுவதுதான் ஒரே வழி. இரண்டின் எண்களும் கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரியதன் மேல் 5 டெசிபல்தான் சேரும். அந்த ஐந்தும் தேவைப்படும். தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள். எல்லாரும் அதைக் கடைப்பிடித்தால் எனக்கு மஃபே வேண்டியிருக்காது. அந்த இரண்டு மணி நேரமும் தெருவைப் பார்க்காத உள்ளறையில் மின்விசிறியை முழுவேகத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போதைக்கு, ஐப்பசி பிறந்ததும் புதிய ஸ்பாஞ்ச் ஒரு டப்பா வாங்கிவிடுகிறேன். பழையவை அழுக்கேறி விறைத்து, உருட்டினால் விரிவதில்லை.