கொரியனா, ஜப்பானீஸா, ஜேர்மனா? விசா வராவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

உயர்தர சோதினை முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, தங்கச்சியின் மகன் மூன்று நோட்டீஸ்களோடு வந்து நின்றான். கல்லடிப் பாலத்தடியில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, கல்முனைக்குப் போன இடத்தில் ஒன்று. கொரியன் வகுப்பு, ஜப்பான் வகுப்பு, ஜேர்மன் வகுப்பு. மூன்றிலும் விமானப் படம்.

"மாமா, இதில எதப் படிக்கிற?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. கொரியன் சோதினையில் பாஸ் பண்ணியும் கொரியா போகாத ஆள் நான்.

அதிலிருந்தே தொடங்குகிறேன். இபிஎஸ் என்ற வேலை அனுமதி முறையில் கொரியா ஆள் எடுக்கத் தொடங்கியது 2004 இல். அரசும் அரசும் செய்துகொண்ட ஏற்பாடு என்பதால் இங்கே எல்லாம் அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான். நடுவில் ஏஜென்சிக்காரர் இல்லை. இதுதான் அதன் பெரிய நல்ல பக்கம். "நான் கொரியாவுக்கு அனுப்புறன், காசு கட்டு" என்று ஒருவர் சொன்னால் எழும்பி வந்துவிடலாம். வயது 18 முதல் 39 வரை. சோதினையில் 40 கேள்விகள், வாசிப்பில் 20, கேட்பதில் 20, மொத்தம் 200 புள்ளி. எல்லாமே விடையைத் தெரிவு செய்வதுதான். அந்தச் சோதினையில் ஒரு வசனம் எழுத வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம்.

ஆனால் அது தகுதிச் சோதினை இல்லை, போட்டி. கோட்டா எத்தனையோ, மேலிருந்து அத்தனை பேர்தான். அதைத் தாண்டினாலும் பெயர் ஒரு பட்டியலில் போய் உட்காரும். கொரிய முதலாளி ஒருவர் தெரிவு செய்தால்தான் பயணம். பெறுபேறு 2 வருடத்துக்குத்தான் செல்லும். என் பெயர் அந்த 2 வருடமும் பட்டியலில் கிடந்தது. எந்த நேரமும் கோல் வரும் என்று நான் வேறு வேலைக்கும் போகவில்லை. கோல் வரவில்லை. இன்றைக்கு அந்தக் கொரியனால் எனக்கு ஆகிற பயன், கடையில் நூடில்ஸ் பக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பதுதான். ஆகவே எந்த மொழியை யார் கேட்டாலும், சம்பளக் கணக்கு பார்க்க முதல் நான் கேட்பது, விசா வராவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்றுதான்.

படிக்க லேசா என்று கேட்டால், கொரியன் லேசுதான், குறிப்பாக நமக்கு. 15ஆம் நூற்றாண்டில் செஜோங் அரசர் காலத்தில் யோசித்துச் செய்த எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24 தான். ஒரு கிழமையில் வாசிக்கலாம். வசன அமைப்பும் நம்முடையதுபோலவே. "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்பதை வைத்துப் பாருங்கள். கொரியனில் "நானுன் ஹக்யோ-ஏ கம்னிதா". ஜப்பானீஸில் "வதாஷிவா கக்கோ-நி இகிமஸ்". நம்முடைய 'க்கு' நிற்கும் இடத்தில் 'ஏ', 'நி'; வினை கடைசியில். ஆங்கிலத்தில் தடுமாறிய பிள்ளைகள் இந்த வகுப்புகளில் நிமிர்ந்து உட்காருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொரியனில் கால் இடறும் இடம் எண்கள். இரண்டு தொகுதி. மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு மற்றது.

ஜப்பானில் வசனம் லேசு, எழுத்துத்தான் மலை. ஹிரகானா 46, கதகானா 46, அதற்கு மேல் கஞ்சி. (நம்ம கஞ்சி இல்லை, சீனத்திலிருந்து வந்த எழுத்து. எத்தனை கப்பு குடித்தாலும் முடியாது.) ஆனால் ஜப்பான் பாதையில் எனக்குப் பிடித்தது, அது ஏணி மாதிரி இருப்பது. ஜேஎல்பிடி என்ற ஜப்பான் மொழித் தேர்ச்சிச் சோதினையில் என்5 இலிருந்து என்1 வரை ஐந்து படி. யாரோடும் போட்டி இல்லை. என்5 க்கு 180 இல் 80, என்4 க்கு 90, கூடவே பகுதிவாரியாகக் குறைந்தபட்சப் புள்ளியும் எடுத்தால் பாஸ். சான்றிதழ் காலாவதியாகாது. 2019 ஏப்ரலில் தொடங்கிய சிறப்புத் திறன் விசாவுக்குப் பொதுவாக என்4, அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற அடிப்படை மொழிச் சோதினை, கூடவே அந்தத் தொழிலுக்கான திறன் சோதினை. முதியோர் பராமரிப்பு என்றால் இன்னொரு மொழிச் சோதினையும் உண்டு. அந்த விசாவின் முதல் வகையில் பொதுவாக மொத்தம் 5 வருடம் இருக்கலாம், குடும்பத்தை அழைக்க முடியாது. கொரியாவிலும் முதலில் 3 வருடம், நீட்டினால் 4 வருடம் 10 மாதம். அங்கும் தனி ஆள்தான்.

ஜப்பானில் பயம் மொழியில் இல்லை, ஏஜென்சியில். பணியகத்தின் உரிமப் பத்திரம் உள்ளதா என்று இலக்கத்தைச் சரிபார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. வகுப்பு நடத்துகிறவரே ஆள் அனுப்புகிறவராகவும் இருந்தால் இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

ஜேர்மன் வேறு சாதிச் சரக்கு. பொருளுக்கெல்லாம் ஆண், பெண், அஃறிணை என்று பால். அதிலும் 'சிறுமி' என்ற சொல் அஃறிணை! எங்கே தர்க்கம் தேடுவது? சோதினையும் இரக்கம் பார்க்காது. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நாலும் உண்டு. ஜேர்மன் சோதினை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 இல் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் வரிசையில் மூன்றாம் படி) ஒவ்வொன்றிலும் 100 க்கு 60 வேண்டும். சம்பளத்தோடு தொழிற்பயிற்சிக்குப் போகப் பொதுவாக பி1, தாதியாக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2. ஆறு மாத வேலை இல்லை இது. மருமகன் கொண்டுவந்த நோட்டீஸில் "ஏ1 முடித்ததும் ஜேர்மனி" என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஆனாலும் பி1 வரை ஏறியவர் உண்மையாகவே பேசுவார். விசா இழுபட்டாலும் பாசிக்குடா ஹோட்டலிலோ அறுகம்பையிலோ சீசனுக்கு அந்த வாய்க்கு வேலை இருக்கும். மூன்றிலும் வீணாகிப்போகும் ஆபத்து இதற்குத்தான் குறைவு. நேரமும் காசும் பொறுமையும்தான் கூடுதலாகக் கேட்கும்.

வளைகுடாவுக்கென்று அரபு படிக்கலாமா என்று காத்தான்குடி நண்பர் ஒருவரிடம் கேட்டேன். மதரசாவில் படித்த அரபு அங்கே கடைத்தெருவில் பேசும் அரபு இல்லை என்றார். தான் பத்து வருடத்தில் திரும்பி வரும்போது சரளமாகப் பேசியது மலையாளமும் ஹிந்தியுமாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நோட்டீஸே இல்லாத ஒரு மொழி மிச்சம் இருக்கிறது, சிங்களம். வெளிநாட்டு மொழி இல்லை என்பதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "மம இஸ்கோலேட்ட யனவா." அதே வசனம், அதே ஒழுங்கு, 'க்கு' இருக்கும் இடத்தில் 'ட்ட'. 2007 ஜூலை 1 க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 சுற்றறிக்கை வந்தது. திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவருக்கு மாவட்டக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) சிங்களம் பேசும் அம்பாறை டவுனில். கொரியாக் கனவு கலைந்த பிறகு எனக்குக் கிடைத்த கந்தோர் வேலையில், என்னைத் தாங்கியது இந்த மொழிதான். சம்பளம் கொரியாவுக்குக் கிட்டவும் வராது, அதை மறைக்கவில்லை. ஆனால் இதைப் படித்தவன் பட்டியலில் காத்துக் கிடக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகன், "அப்ப சிங்களம் படிச்சா எந்த நாட்டுக்கு மாமா போகலாம்?" என்றான்.

"அம்பாறைக்கு."

சிரித்தான். மறுகா ஜப்பான் நோட்டீஸை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். டிசம்பர் என்5 க்கு எழுதுவதாம், அதுவரை சனிக்கிழமைகளில் என்னோடு சிங்களம். ஜேர்மன் நோட்டீஸைத் தன் தங்கச்சிக்குக் கொடுக்கப் போகிறானாம். அவளுக்குத் தாதிப் படிப்பில் விருப்பம். கொரியன் நோட்டீஸ் என் மேசையில்தான் கிடக்கிறது. பின்பக்கம் வெறுமை, கடைக்குச் சாமான் எழுத உதவும்.