ஃபெட் (PhET) மின்சுற்றுச் சிமுலேஷன்: தொடக்க நிலையினருக்கான விமர்சனம்

மின்சுற்றைக் கற்கத் தொடங்குபவர்களைத் தடுமாற வைப்பது ஓம் விதியின் சூத்திரமன்று. பல்பை எரியச் செய்ததும் மின்னோட்டம் அங்கேயே தீர்ந்துபோகிறது என்ற எண்ணம்தான். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாக வழங்கும் நேர் மின்னோட்டச் (DC) சுற்றுச் சிமுலேஷன், இந்த எண்ணத்தைக் களைவதில் நான் பயன்படுத்திய வேறெந்தக் கருவியையும்விடச் சிறந்தது. இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே இயக்கலாம்.

9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு, சுவிட்ச் ஆகியவற்றை இணைத்துச் சுவிட்சைப் போட்டதும், சுற்று முழுவதிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் காட்டுவது அதே 0.9 ஆம்பியர்தான். சுவிட்சை அணைத்துவிட்டு வோல்ட்மீட்டரை வைத்தால், பல்பின் இரு முனைகளுக்கிடையே சுழியும், சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே முழு 9 வோல்ட்டும் தெரிகின்றன. மின்னோட்டமே இல்லாதபோதும் மின்னழுத்த வேறுபாடு இருக்க முடியும் என்பதை இவ்வளவு தெளிவாக விளக்கும் பாடத்தை நான் கண்டதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது பேட்டரியின் அக மின்தடையை, அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையை, மாற்றும் வசதி. அதை 5 ஓமாக வைத்து ஒரு பல்பை இணைத்தால் பேட்டரி முனைகளில் 6 வோல்ட் கிடைக்கிறது. அதே போன்ற இன்னொரு பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்ததும் அது 4.5 வோல்ட்டாகக் குறைந்து, இரண்டு பல்புகளும் மங்குகின்றன. பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் பொருளன்று என்பதும், அதன் மின்னழுத்தம்கூடச் சுமையைப் பொறுத்து இறங்கும் என்பதும் ஒருசேர விளங்கிவிடுகின்றன. படங்களிலிருந்து மின்சுற்றுக் குறியீடுகளுக்கு ஒரே சொடுக்கில் மாறவும் முடிகிறது.

குறைகளும் உண்டு. இயல்பாகக் கிடைக்கும் பல்பின் மின்தடை ஒரே அளவில் நிற்கிறது. உண்மையான இழைப் பல்பிலோ சூடேறச் சூடேற மின்தடை கூடும். தளர்ந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு இங்கே வழியில்லை. குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் திரையில் தீ எரிகிறது, ஒரு கம்பியை நீக்கியதும் அணைந்துவிடுகிறது. லித்தியம் பேட்டரியில் அதே பிழை உண்மையான தீயை உண்டாக்கக்கூடும் என்பதை ஆசிரியர்கள் தனியே சொல்லித்தர வேண்டும். முதல் சில பாடங்களை இதில் முடித்த பிறகு, பிரெட்போர்டும் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பலகை) மல்டிமீட்டரும் கொண்டு அதே சுற்றுகளை அமைத்து அளவீடுகளை ஒப்பிடுமாறு பரிந்துரைக்கிறேன்.