குல்மார்க் பனிச்சறுக்குக்கு வின்டி ஆப்: காற்றுக்கு நம்பலாம், பனி அளவுக்கு வேண்டாம்

காஷ்மீரின் குல்மார்க்கில் அடுத்த 48 மணி நேர வானிலைக்கு ஒரே ஒரு ஆப் என்றால் வின்டியைத்தான் சொல்வோம். ஆனால் திறந்ததும் தெரியும் வெப்பநிலையையும் பனிப் படத்தையும் மட்டும் பார்த்துக் கிளம்பினால் மலை வேறு கதை சொல்லும்.

குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரம். கோண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் முடியும் கொங்தூரி சுமார் 3,080. இரண்டாம் கட்டம் அபர்வத்தில் 3,950 மீட்டரை ஒட்டிப் போய் நிற்கிறது. இத்தனையும் சில கிலோமீட்டருக்குள். வின்டியில் வரும் ஐரோப்பிய வானிலை மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப் கணிப்பு மாடல் நிலத்தைப் பிரிக்கும் சதுரமோ 9 கிலோமீட்டர் அகலம், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலில் சுமார் 22. மலை முகடு அதில் மழுங்கிப்போகிறது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால் ஊருக்கான வெப்பநிலை உச்சிக்கு உதவாது.

காற்றில்தான் இந்த ஆப்பின் பலம். உயரப் பட்டி காற்றழுத்தத்தில் இருக்கும்; அதை 700 ஹெக்டோபாஸ்கலில் வைத்தால் சுமார் 3,000 மீட்டர், 600-இல் வைத்தால் 4,200. உச்சிக்கு 600-ஐப் பாருங்கள். அங்கே காற்று வலுத்தால் கீழே வெயில் அடித்தாலும் இரண்டாம் கட்டம் நிறுத்தப்படலாம்.

பனிக்கு ஆப் காட்டும் சென்டிமீட்டரை விட்டுவிட்டு மழையளவை எடுங்கள். 1 மில்லிமீட்டர் நீருக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் பனி, கடுங்குளிரில் 1.5 கூட வரும். கூடவே உறைநிலை உயரத்தையும், அதாவது வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் உயரத்தையும் பாருங்கள். அதற்கு 200, 300 மீட்டர் கீழே வரை பனியாகவே விழும், அதற்கும் கீழே மழை. மார்ச்சில் உறைநிலை 3,100-க்கு ஏறினால் கொங்தூரியில் பனி, ஊரில் மழை.

மேற்கிலிருந்து வந்து குளிர்காலப் பனியைக் கொட்டும் புயல் அமைப்பான மேற்கத்திய இடையூறு எப்போது வந்து சேரும் என்பதில் மாடல்கள் முரண்படுவது வழக்கம். ஒப்பீட்டுப் பக்கத்தில் இசிஎம்டபிள்யூஎஃப், ஜெர்மனியின் ஐகான் மாடல் இரண்டும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம். இல்லையென்றால் முன்னும் பின்னும் 6 மணி நேரம் விட்டுக் கணக்குப் போடுங்கள். இதனாலேயே மணிக்கொரு கணிப்புக்காகச் சந்தா கட்டத் தேவையில்லை என்போம். இலவசத்தில் கிடைக்கும் 3 மணி நேர இடைவெளி போதும். மாலை 5.30 நிலவரத்தை வைத்து ஓடும் இசிஎம்டபிள்யூஎஃப் கணிப்பு நள்ளிரவை ஒட்டித்தான் வந்து சேரும். அதனால் இரவு பார்த்ததோடு நிற்காமல் விடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் எடுக்காது. விடுதி வைஃபையிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை ஒன்று: பனிச்சரிவு அபாயம் இதில் தெரியாது. பனி நின்று வானம் வெளுத்ததும் ஆப் சூரியனைக் காட்டும். அந்நேரம் காற்று புதுப்பனியை வாரி முகட்டின் மறுபக்கத்தில் பாளமாக அடுக்கிக்கொண்டிருக்கும்; ஒரு ஆளின் எடையே அதைப் பெயர்த்துவிடும். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க் பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்ததும் புதுப்பனி கொட்டிய நாட்களில்தான். பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்ஈ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்து, பனி ரோந்துக் குழுவிடம் கேட்ட பிறகே இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள்.