கனடா எண்ணுடன் சென்னையில் ஊர் சுற்றியபோது

சென்னைக்குச் சில நாள் விடுமுறையில் போய்ச் சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வர விரும்பும் வெளிநாட்டுத் தமிழர்கள், விமானச் சீட்டுக்கு அடுத்தபடியாக யோசிக்க வேண்டியது உள்ளூர்க் கைப்பேசி எண்ணைப் பற்றித்தான். வெயிலையும் நெரிசலையும் எதிர்பார்த்தே கனடாவிலிருந்து மனைவி, மகளுடன் போன எனக்கு, அவற்றைவிட அதிகமாகத் தொல்லை கொடுத்தது, கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க அனுப்பப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓ.டி.பி.

மெட்ரோவில் அந்தத் தொல்லை இல்லை. விமான நிலையத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாகவே மெட்ரோ நிலையத்துக்குப் போய்விடலாம். எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்தும் சீட்டு வாங்கலாம். பெட்டிகளுடன் சென்ட்ரல் வரை குளிர்ச்சியாகவும் நேரத்துக்கும் போய்ச் சேர்ந்தோம். நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட காலத்தில் இதற்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியே பாதித் தெம்பு போய்விடும்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஆட்டோவுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றாலும், அந்தக் கணக்கில் எவரும் வருவதில்லை (அத்தனை ஆண்டுப் பழைய கட்டணத்தில் வரச் சொல்வதும் நியாயமில்லை). எல்லோரும் செயலியையே கைகாட்டுகிறார்கள். நான் முதலில் பதிவிறக்கிய செயலியோ இந்திய எண் கேட்டு அங்கேயே நின்றுவிட்டது. கனடா உள்ளிட்ட சில நாடுகளின் எண்களை வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குடன் இணைத்து, கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையைப் பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. நான் புறப்படும் முன்பே அதைச் செய்துவைத்திருந்ததால் பெரும்பாலான கடைகளில் பிழைத்தேன். இந்தியாவில் வங்கிக் கணக்கே இல்லாத மகள், இளநீர் வாங்கவும் என்னையே அழைக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பர்மா பஜார்ப் பக்கம் நடந்தால், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இன்றும் தள்ளுவண்டிகளில் கிடைக்கிறது. ஆரஞ்சு நிற நூடுல்ஸுடன் கோஸையும் வெங்காயத்தையும் போட்டு, புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்து, பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கையால் பிசைவதைப் பார்த்துத் தயங்கிய மகள்தான் இரண்டாவது தட்டுக் கேட்டாள். மறுநாள் காலையில் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றினார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைத் திட்டமிடும்போதே குறித்துக்கொள்ளுங்கள். 1851-இல் தொடங்கப்பட்ட அதில் நேரம் குறைவாக இருந்தால் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மட்டுமாவது செல்லலாம். அங்குள்ள திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் ஆண் பாதிக்கு இரண்டு கைகளும் பெண் பாதிக்கு ஒரே கையும் இருந்தும் உருவம் சற்றும் சமநிலை குலையாமல் நிற்பதை, பக்கவாட்டிலிருந்தும் சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் அதன் அசலை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள். நினைவுச்சின்னங்களின் நுழைவுக் கட்டணத்தில் ஓ.சி.ஐ. அட்டைதாரர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணமே பொருந்தும். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகள் அட்டையைக் காட்டியதும், வேறு கேள்வி எதுவும் இல்லாமல் 40 ரூபாய்ச் சீட்டையே கொடுத்தார்கள்.